கேள்வி நாற்பத்தொன்று

மூன்று பேருக்கும் ஒரே வாடகை வேன்.
இபுகி ஊற்றுகளை அளப்பவன்.
தொகிவா சரிவுகளுக்கு நிறம் பூசுபவள்:
மஞ்சள் என்றால் கவனம்,
சிவப்பு என்றால் வீடு கட்டாதே.
நான் சொல் பொறுக்குகிறவள். வேனில் எனக்குத்தான் இடம் குறைவு;
ஒலிப்பதிவுக் கருவியும் நூறு கேள்விகளும்
மடியிலேயே அடங்கிவிடும்.

கிசோ பள்ளத்தாக்கில் ஜூலை.
பின்னால் இருபத்துநான்கு புட்டிகள் குலுங்கின.
ஒன்பது புள்ளி இரண்டு டிகிரி என்று
தங்கையின் மதிப்பெண்ணைச் சொல்வதுபோல் சொன்னான் இபுகி.

பெட்ரோல் பங்க் உஷிமாரு-சான்
மரலாரிக்கு டீசல் அடித்துக்கொண்டே
பதில் சொல்ல ஒப்புக்கொண்டார்.
பால்பல் விழுவதை இங்கே எப்படிச் சொல்வீர்கள்?
"நுகேதா."
கழன்றது.
எங்கள் நகரத்திலும் அதேதான்.
வேறுபாடு இல்லை என்று கோடு போட்டேன்.

"எனக்கு முன்பல் கழன்ற வாரம்தான்
அதுவும் கழன்றது" என்று
பங்குக்குப் பின்னால் ஓடும் ஓடையைக் காட்டினார்,
வண்டி எண்ணைக் காட்டுகிற அதே விரலால்.

ஜா-நுகே. பாம்பு கழல்வது.
மண்ணும் மரமும் பாறையும்
மலையின் வளையிலிருந்து உருவிக்கொண்டு வருவதற்கு
இங்கே அதுதான் பெயர்.
அரசாங்க அறிக்கையில் மூன்றே எழுத்து;
அதற்கு வாலும் இல்லை, பசியும் இல்லை.

தொகிவா வரைபடத்தை வண்டி மூக்கில் விரித்தாள்.
அந்த ஓடை வெள்ளை.
எந்த வருடம்?
"வருடம் யாருக்குத் தெரியும்? மேல்பல்.
மேல்பல்லை வீட்டின் அடியில் எறிய வேண்டும், நேராக முளைக்கும்.
எறிந்தேன்.
நாலாம் நாள் வீட்டுக்கு அடியே இல்லை."
சிரித்தார். பல் கோணல்தான்.

அதற்கு முன் தண்ணீர் நின்றதாம்,
கொட்டுகிற மழையில்,
ஒருவர் குளித்து முடிக்கிற நேரம்.
இபுகி படிவத்தைப் புரட்டினான்:
நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நிறம், மணம்...
நின்ற தண்ணீருக்கு அதில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினான்.

மறுநாள் ஊர்ப் பள்ளியில்
பழைய பல் பரிசோதனை அட்டைகளைக் கேட்டோம்.
எழுத்தர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.
புவியியல் துறை, என்றாள் தொகிவா,
கொஞ்சம் சத்தமாக.
உஷிமாரு, இரண்டாம் வகுப்பு, மேல் இடது ஒன்று, இல்லை.
வருடம் கிடைத்தது.

இரவு விடுதியில் சிவப்புப் பென்சிலை
அவள் நெடுநேரம் சீவினாள்.
சிவப்பு ஓடையோடு இறங்கி, பாலம் தாண்டி,
பங்கின் காற்றடிக்கும் குழாய் வரை வந்தது.
இதை நாளை யார் போய்ச் சொல்வது?
நீதான், பேச்சு உன் துறை, என்றார்கள்.

நான் நாற்பத்தொன்றில் போட்ட கோட்டை அழித்தேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.
நாற்பத்திரண்டு, மழை விடுவதை எப்படிச் சொல்வீர்கள்.
கேட்க மறந்திருக்கிறேன்.

இரண்டு மணிக்குக் கூரையில் மழை.
மூவரும் விழித்தே கிடந்தோம்,
மழைக்கு அல்ல, அதற்குக் கீழே கேட்கிற இன்னொன்றுக்கு.
"ஓடுகிறது" என்றான் இபுகி இருட்டில்.
சற்றுப் பொறுத்து மறுபடி,
"ஓடுகிறது."