மறுபுரி

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே என் பட்டறை.
வல்லத்து ஷாஃப்டுகளைக் கடைந்து வயிறு வளர்க்கிற லேத்.
மீன்பாடி வண்டியில் சாக்குப் போர்த்தி
ரெமிஜியுஸ் அங்கே கொண்டுவந்து இறக்கினான்
ஒரு பழைய ஹோண்டா எஞ்சினை.
அதற்கு முதுகு காட்டிக்கொண்டு
ஒரு ஜீப் கியர்பாக்ஸ்.

"ரெண்டையும் சேக்கணும்க்கா."

பாம்பன் ஐஸ் கம்பெனியில் ராத்திரி கம்ப்ரஸர் பார்க்கிறவன்.
பகலில் தூங்காமல் குழாய் வளைத்துத்
தானே ஒரு வண்டி கட்டிவைத்திருக்கிறான்.
கதவில்லை, கூரையில்லை.
நம்பர் தருவானா ஆர்டிஓ என்றால்
கடலைப் பார்க்கிறான்.

எஞ்சின் முகத்தில் எட்டு ஓட்டை.
பெட்டி முகத்தில் ஆறு.
ஒன்றுகூட ஒன்றை ஏறிட்டுப் பார்க்கவில்லை.
பெட்டியின் ஷாஃப்ட் மூன்று நூல் குட்டை.
அந்த மூன்று நூலைப் பற்றி
ஜப்பான்காரன் நூலிலும் எழுதவில்லை,
பம்பாய்க்காரன் நூலிலும் எழுதவில்லை.

போன வருஷக் காலண்டர் அட்டையில்
கிரீஸ் தடவி அமுக்கி
இரண்டு முகத்தையும் ஒற்றி எடுத்தேன்.
"பொருத்தம் பாக்குறியாக்கா, கல்யாணத்துக்கு?"
போடா.
அங்கே பத்துக்கு ஆறு வந்தால் பந்தல்கால் நடுகிறார்கள்.
இங்கே மையம் ஐந்து பாயிண்ட் விலகினால்
சுற்றுக்கு ஒரு பொய்,
நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று.
எத்தனை பொய்யைத் தாங்கும் ஒரு பேரிங்?

மண்டபத்தில் உடைத்த விசைப்படகின்
வின்ச் மேடைத் தகடு, முக்கால் அங்குலம்.
உப்பு தின்ற பக்கத்தைச் சீவித் தள்ளி
நடுவில் வட்டம் வெட்டினேன்.
குட்டை ஷாஃப்டுக்கு எட்டிப் பிடிக்க
ப்ரொப்பல்லர் புஷ் வெண்கலத்தில் ஒரு நீளக் கழுத்து.
கிளட்ச் தட்டுக்கு விளிம்பு இவனுடையது, நடுப்பல் அவனுடையது.
நைனா முகம்மது ரிவெட் அடித்தான்,
பேசாமல், காதில் பீடி.

டயல் கேஜை ஒட்டவைத்தபோது கரண்டு போயிற்று.
கையாலேயே சுற்றினோம்.
முள் பன்னிரண்டு என்றது.
தட்டினேன். ஏழு.
இன்னொரு தட்டு. ஒன்பது.
சாப்பிடப் போய்விட்டு வந்தேன்.
நாலு.
நாலில் நிறுத்திவிட வேண்டும், ஆசைப்படக் கூடாது.

சனிக்கிழமை அரியமான் கரை, வாடைக் காற்று.
ஒரே சாவிக்குப் பிடித்தது.
மூடிமேல் டீ கிளாஸை வைத்தேன்,
டீ அசையவில்லை.
ரெமிஜியுஸ் சிலுவை போட்டுக்கொண்டு
முதல் கியரைத் தள்ளி கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் போனது.

இரண்டாவது போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால்.
மூன்றாவதில் கருவாட்டுப் பாய்கள் தப்பித்தன.
ரிவர்ஸ் போட்டதும், மரியாதையாக,
முன்னால் வந்தது.

எல்லாவற்றையும் அளந்தேன்.
எந்தப் பக்கம் சுற்றுவாய் என்று கேட்கவில்லை.
ஊரில் ஓடுகிற எஞ்சின்கள் ஒரு புரி,
இந்தப் பழைய ஹோண்டா மறுபுரி.
கீழக்கரையில் சங்கு எடைபோடும் வீட்டில் பிறந்தவள் நான்,
புரி பார்க்காமல் கைவைத்திருக்கிறேன்.

அவன் கோபப்படவில்லை.
கழுத்தைத் திருப்பிக்கொண்டு
நாலாவது கியரில், பின்புறமாகவே
கரை நெடுகப் போனான்,
பிள்ளைகள் வண்டியின் முகத்தைப் பார்த்தபடி துரத்த.

பிறகு ஆக்சிலைக் குப்புறக் கவிழ்த்தோம்.
எண்ணெய் ஓட்டை அடிக்குப் போய்விட்டதால்
மேலே புதிதாய் ஒன்று துளைத்தேன்.
இப்போது முன்னால்தான் போகிறது.
லேசாக முனகுகிறது பெட்டி:
ஜீப்பில் இருந்த காலமெல்லாம்
இறக்கத்தில் மட்டும் வேலை பார்த்த பல்லின் பக்கம்
இப்போது ஏற்றமும் இழுக்கிறது.

கூலியில் பாதி இன்னும் வரவில்லை.
ஐஸாக வேண்டுமா என்கிறான்.
காலண்டர் அட்டை மட்டும் லேத்துக்கு மேல் ஆணியில் தொங்குகிறது,
பதினாலு ஓட்டை.
காற்றடித்தால் அதில் ஏதோ ஒன்று விசிலடிக்கிறது,
எதுவென்று இன்னும் பிடிபடவில்லை.