வாக்குமூலம், பக்கம் மூன்று

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத் துவான் ஹைருல் அழைத்தார்.
"தேர்தல் முடியட்டும், புவான்.
மேலிடத்து உத்தரவு. பதினான்கு நாள்தான்."
என் முதுகுக்குப் பின்னால் அச்சு இயந்திரம்
டத்தோ தேவநாயகத்தின் இடது காதை
அப்போதுதான் துப்பத் தொடங்கியிருந்தது.
எட்டடி அகல முகம்.
காதிலிருந்து மூக்குக்கு வர
ஆறு நிமிடம் ஆகும்.

சுங்கை மெராந்திக்கு ஒரே அச்சுக்கடை என்னுடையது.
கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை,
செம்பனை ஆலையின் எடைச்சீட்டு,
இரண்டு கட்சிக்கும் பதாகை.
இல்லாத ஒரு கம்பெனிக்கு
ரசீதுப் புத்தகம் அடித்ததும் இங்கேதான்.
முகவரி கேட்டேன்.
"சும்மா ஒரு லோட் நம்பர் போடு" என்றான்
டத்தோவின் மச்சினன்.
போட்டேன்.
அதைத்தான் இரண்டு பக்கம் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்
பாதியில் நிற்கிறது:
"அந்த எழுபத்திரண்டாயிரம் வெள்ளிக்கான"
அங்கே மின்சாரம் போனது.
நாளைக்கு வாருங்கள் என்றார்கள்.
அந்த நாளைக்குத்தான்
நாடாளுமன்றம் கலைந்தது.

கோப்பிக்கடையில் பசியாறும்போது இதே பேச்சு.
"ஓட்டு நேரத்தில் தோண்டினால்
அது விசாரணையா, பிரசாரமா?"
லோரி ஓட்டும் அந்தோணிராஜ் கேட்கிறார்.
அவர் சொல்வதும் பொய்யில்லை.
போன தடவை எதிர்த்து நின்ற ஞானப்பிரகாச வாத்தியாரை
வாக்களிப்புக்கு ஆறு நாள் முன்னே
கேமராக்களோடு வந்து கூட்டிப்போனார்கள்.
தோற்றார்.
ஒன்றரை வருடம் கழித்து
'குற்றமில்லை' என்று ஒரு கடிதம் வந்தது,
சாதாரணத் தபாலில்.
லேமினேட் பண்ண என்னிடம்தான் கொண்டுவந்தார்.
கை நடுங்கியதால் ஒரு மூலையில் காற்றுக்குமிழி.
இன்னும் இருக்கிறது அது.

"அப்போ மழையையும் நிறுத்தி வைக்கச் சொல்லு"
என்கிறாள் உரம் போடும் கமலேஸ்வரி.
ஐந்தாம் லயத்துச் சாக்கடைக்கு
நூற்று நாற்பது சிமெண்டு மூடி, கணக்கில்.
கண்ணில், இரண்டு பலகை.
போன வாரம் ஒன்று மிதந்து போய்
ஆலை வாசலில் கிடந்தது.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு.
இதே தோட்டத்தில்தான் பிறந்தேன்.
பதிய யாரும் போகவில்லை.
நாற்பத்தொரு வயதுவரை சிவப்பு அடையாள அட்டை.
டத்தோ ஒரு கடிதம் எழுதினார்,
எட்டு மாதத்தில் நீலம் வந்தது.
இந்தப் பதினான்கு நாள் கழித்து
என் முதல் ஓட்டு.
அந்தக் கடிதத்துக்கு அவர் காசு கேட்கவில்லை.
ரசீதுப் புத்தகத்துக்கு
நானும் கேட்கவில்லை.

வாக்கு முந்தியா, வாக்குமூலம் முந்தியா?
துவான் ஹைருலிடம் மலாயில் கேட்கப் பார்த்தேன்,
அந்த மொழியில் இரண்டுக்கும் உறவில்லை.
கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும்.
"இப்போது திறந்தால் ஒருவன் ஏவினான் என்பார்கள்.
மூடினால் இன்னொருவன் மூடினான் என்பார்கள்.
எனக்கும் தூக்கமில்லை, புவான்."

கேமரா வேண்டாம்.
அவரைக் கூட்டிப்போகவும் வேண்டாம், இப்போது.
கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மேசை, ஒரு பேனா,
என் வாக்கியத்தை மட்டும் முடித்துக்கொள்கிறேன்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் வைத்துவிட்டார்.

பதினான்கு நாளில்
நூற்று நாற்பது மூடிகளை
யார் வேண்டுமானாலும் வாங்கிப் போட்டுவிடலாம்.
பழைய தேதியில் ரசீது கேட்டு
யார் வேண்டுமானாலும் இந்தக் கடைக்கு வரலாம்.
நானும் இங்கேதான் இருப்பேன்.
அதுதான் பயம்.

வண்ணம் பார்க்க அடித்துக் கழித்த
சோதனைத்தாள் ஒன்று தரையில் கிடந்தது.
திருப்பினேன். பின்பக்கம் வெள்ளை.
'அந்த எழுபத்திரண்டாயிரம் வெள்ளிக்கான
ரசீதை அச்சடித்தவள் நான்.
பொய் என்று தெரிந்தே அடித்தேன்.'
தேதி. நேரம்.
புஷ்பலீலா ஏ/பி காத்தையா.
மறுபக்கத்தில்
டத்தோவின் காது.

முகம் முழுசாக வந்திருந்தது.
ஓரம் வெட்டி வளையம் அடிக்க வேண்டும்,
நாலு மணிக்கு ஆள் வருவான்.