எட்டுப் புள்ளி நான்கு

போகும்போது கொண்டுபோன மைலோ டின்னையே
திருப்பி அனுப்பியிருக்கிறான் முகுந்தன்.
உள்ளே மண்.
ஓமானிலிருந்து விடுப்பில் வந்த வெல்டர்
லாபிஸ் பஸ் நிலையத்தில் வைத்துக் கொடுத்தார்:
"உங்க தம்பிக்குக் கிறுக்கு."

எனக்கு வேலையே மண் பார்ப்பதுதான்.
தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் நாளுக்கு நாற்பது பொட்டலம்,
செம்பனை வேரடியில் தோண்டியவை,
துருச் சிவப்பு, விரலில் அப்பும்,
புளித்த மாவு மாதிரி எப்போதும் அமிலம்.
நான்கரைக்கு மேல் முள் ஏறினால்
கருவியைத் தட்டிப் பார்ப்போம்.

இவன் மண்ணைக் கவிழ்த்தேன்.
ஓடியது,
தண்ணீர் போல மேசை விளிம்பு வரை ஓடியது.
மக்கு இல்லை. வேர் இல்லை. புழு போன தடமில்லை.
அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது: சுண்ணாம்பு.
டின்னின் அடியில் வெள்ளையாய்ப் பொருக்கு: உப்பு.
முள் எட்டுப் புள்ளி நான்கில் நின்றது.
அஸ்மா நம்பாமல் இரண்டாம் முறை வைத்தாள்.
எட்டுப் புள்ளி நான்கேதான்.

குரல் பதிவில் சொல்கிறான்:
பகல்ல நாப்பத்தெட்டு,
ஸ்பேனரைத் துணி சுத்தித்தான் தொடணும்.
விடியக்காலம் பல்லு கிட்டுது.
மேகத்தப் பாத்துப் பதினோரு மாசம்.
அக்கா, அடுத்த தடவை பேசும்போது
கொஞ்சம் சும்மா இரு,
உன் பின்னால மழைச் சத்தம் கேக்கும்.

மூன்று மணி மழை அது.
தகரத்தில் விழும். லாபிஸில் யாரும் கேட்பதில்லை.

சுவரில் உரக் கம்பெனி கொடுத்த உலகப்படம்.
நடுக்கோட்டை ஒட்டி நாங்கள்.
கடகக் கோட்டில் விரலை வைத்து இழுத்தேன்:
சகாரா, அவன், தார்.
தெற்கே மகரக் கோட்டில் கலஹாரி,
ஆஸ்திரேலியாவின் வயிறு.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஏறக்குறைய ஒரே தூரத்தில் வறட்சி.

எங்கள் புழுக்கத்தில் எழும்பும் காற்று
சுமந்ததையெல்லாம் எங்கள் தலையிலேயே கொட்டிவிட்டு
உயரத்திலேயே வடக்கே போய்
அவன் ஊரில் இறங்குகிறதாம்,
இறங்க இறங்கச் சூடேறி,
வெறுங்கையோடு.

அங்கிருந்து ஐந்தாம் தேதி தவறாமல் பணம் வருகிறது.

பதிவேட்டில் பிளாக் எண் கேட்கும் கட்டம்.
தம்பி என்று எழுதி அடித்தேன்.
ஐந்தரைக்கு மீதி மண்ணை
டின்னுக்குள் தள்ளப் பார்த்தால்
ஓடவில்லை.
உப்பு எங்கள் ஈரத்தை இழுத்துக்கொண்டு
மேசையோடு ஒட்டிக் கிடந்தது.
அஸ்மா துணி எடுத்து வந்தாள்.
இருக்கட்டும் என்றேன்.