மீ லாபி

எல்லை தாண்டி மூசே வழியாக வந்த டிரைவ்.
கையேடு முழுக்கச் சீனம்.
படமும் எண்ணும் போதும் எனக்கு.

பியாப்போன், ஆற்றோர அரிசி ஆலை.
நெல் தூக்கும் எலிவேட்டருக்கு
சுவிட்ச் வைக்கக் கூப்பிட்டிருந்தார் ஊ டின் ஷ்வே.
"திருகினால் ஓடணும், திருப்பினால் நிக்கணும்.
ரெண்டு கம்பி போதும் மா நிலார், மூணு எதுக்கு?"
வீட்டில் நான் சொர்ணவல்லி.
ரசீதில் நிலார்.

இரண்டே போட்டேன்.
கேட்டதைக் கொடுத்துவிட்டு
கேட்காததைப் பிறகு சொல்லலாமென்று.
மோட்டார் முனகி, சுருதி ஏறி,
ஐம்பதில் நிலைத்தது.
"பார்த்தியா" என்றார்.

பத்து நிமிடம் இருக்காது, கரண்ட் போனது.
இந்த ஊரில் அது செய்தி இல்லை.
தவிட்டுத் தூசி மெல்ல இறங்கியது
தராசின் மேல், என் இமை மேல்.
கோ தெட் நைங் யாரிடமும் சொல்லாமல்
எலிவேட்டர் அடிக்குழியில் கைவிட்டார்,
தோள்வரை,
வாளியில் சிக்கிய ஈர நெல்லைத் தோண்ட.

திருகு சுவிட்சுக்கு மறதி கிடையாது.
இருட்டிலும் 'ஓடு' பக்கமே
மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

தெருவில் பிள்ளைகள் கத்தின:
மீ லாபி! மீ லாபி!
நெருப்பு, விளக்கு, கரண்ட்,
இங்கே எங்களுக்கு மூன்றும் ஒரே சொல்.
வந்துவிட்டதாம்.

டிரைவ் விழிக்க இரண்டு நொடி ஆகும்.
உள்ளே மின்தேக்கி நிறையணும்,
திரையில் எண் வரணும்.
ஸ்குரூடிரைவரைத் தேடவில்லை.
பழுப்புக் கம்பியை அப்படியே பிடுங்கினேன்.
இருபத்துநாலு வோல்ட், கடிக்காது.
நகம்தான் கிழிந்தது.

கோ தெட் நைங் குழியிலிருந்து நிமிர்ந்தார்:
"என்ன?"
யாரும் பதில் சொல்லவில்லை.
வெகுநேரம் கழித்து ஊ டின் ஷ்வே
"பொத்தான் என்ன விலை" என்றார்.

பச்சை, அழுத்தும்போது மட்டும் தொடும்,
உடனே மறந்துவிடும்.
சிவப்பு எந்நேரமும் தொட்டபடியே இருக்கும்.
அழுத்தினால் விடும்.
எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் விடும்.
விட்டால் மோட்டார் நிற்கும், அவ்வளவுதான்.
மூன்றாவதற்கு நீலம் தீர்ந்துபோய்
மஞ்சளை இழுத்தேன்;
எது எதுவென்று பெட்டிக் கதவில்
இரண்டு மொழியிலும் எழுதினேன்.

நாலரைக்கு மெயினை இறக்கி, ஏற்றினேன்.
பூச்சியங்கள் சிமிட்டின.
மோட்டார் அசையவில்லை.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த
கோ தெட் நைங்,
அதே கையால் திரையைக் காட்டி,
"கெட்டுப்போச்சா?" என்றார்.