செந்தட்டி

யானைக்கற்றாழை மடலைச் சீவி
கல்லில் வைத்து நசுக்குகிறேன்.
நுரை வருகிறது,
விரலிடுக்கில் அரிப்பும்.
"கையுறை போட்டுக்கொள்" என்கிறது
அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போன்.
கையுறை மாட்டிக்கொண்டு எவன் தலைக்குக் குளித்தான், மெர்சேதெஸ்?

பெகுச்சேயில் மணி நான்கு.
அங்கே ராட்டர்டாமில் பதினொன்று.
விற்காத ஸ்வெட்டர் மூட்டையில் நீ சாய்ந்திருக்கிறாய்.
இம்பாபுரா மலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டது.
இந்த உயரத்தில் தண்ணீர் சட்டென்று கொதித்துவிடும்.
அக்ரூட் இலைதான் அசையாது,
சாயம் இறக்குவதற்குள் பொழுது போய்விடும்,
என் அண்ணன் கடனைத் திருப்புவதுபோல.

இடுப்பைத் தொடுகிறது முடி.
கீட்டோவில் ஒரு வங்கிக்காரன்
"எல்லாம் சரி, இதை மட்டும் கொஞ்சம்" என்று
இரண்டு விரலைக் கத்தரியாக்கிக் காட்டினான்.
நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வந்தேன்.
பஸ் காசு நஷ்டம்.
உன்னிடம் சொன்னபோது நீ ஒன்றும் கேட்கவில்லை,
அன்றைக்குப் பின்னலைக் கொஞ்சம் இறுக்கிப் போட்டாய்.

பதினோரு வருஷம் உன் விரல் பின்னியது.
இப்போது பிடரியில் தொடங்கும்போதே
மூன்று பிரியும் மூன்று கட்சி.
தோள்வழியே முன்னால் இழுத்து வந்தால்தான்
ஒரு சமாதானத்துக்கு வருகின்றன.
சந்தையில் செகுந்தோ கேட்கிறான்:
"பின்னல் ஏன் இடதுபக்கமே பார்க்கிறது, லூச்சோ?
நெதர்லாந்து அந்தப் பக்கமா?"

உன் முடியோ கற்றாழை நாராகிவிட்டது
அந்த ஊர் ஷாம்புவில்.
மார்ச்சில் ஒரு பொட்டலம் அனுப்பினேன்:
அக்ரூட் இலை, ரோஸ்மேரி, நிழலில் காய்ந்த செந்தட்டி.
சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது.
தேநீரா, மருந்தா, விதையா?
மூன்று கட்டம். ஒன்றில் குறி இடவும்.
என் மனைவியின் தலைக்கு என்று எழுத
ஓரத்தில்தான் இடம் இருந்தது.
எரித்துவிட்டார்களாம்.
நல்ல வாசனையாக இருந்திருக்கும் அந்தப் புகை.

"இதைப் பார்" என்று கையைத் திரைக்கு நீட்டுகிறாய்.
மணிக்கட்டு முழுக்கச் சிவந்த தடிப்பு.
கால்வாய் ஓரம், சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால்,
யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை,
முழங்கால் உயரம்.
"சந்தேகமாக இருந்தது, தொட்டேன்.
கடித்தது, லூச்சோ.
அதே கடி!"
கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாய்.
விடுதிக் கெட்டிலில் ஊறிக்கொண்டிருக்கிறதாம்,
பக்கத்துக் கட்டில் கானாக்காரி
யார் கீரை வேகவைப்பது என்று கேட்டாளாம்.

கண்ணை மூடிக் கவிழ்ந்து
முதல் சொம்பை ஊற்றுகிறேன்.
பழுப்புத் தண்ணீர் மூக்கு நுனியில் சொட்டுகிறது.
"சூடு நன்றாக ஆறட்டும், அவசரப்படா..."
சார்ஜ் தீர்ந்தது.

முற்றத்தில் முடி காய்கிறது.
இன்னும் பின்னவில்லை.
இருட்டிவிட்டது, கோழிகூட அடைந்துவிட்டது.
விரலிடுக்கில் அந்த அரிப்பு இருக்கிறது.
சொறியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
உனக்கும் இருக்கும்.