ஒன்பதாம் கூடாரம்

நாலாவது இரவும் பள்ளிக்கூடத்தில்.
ஐந்தாம் வகுப்பு எங்களுக்கு,
ஆறாம் வகுப்பு மேல்லயத்து ஆட்களுக்கு.
மேசைகளைச் சேர்த்துப் போட்டு
மேலே பிள்ளைகள், கீழே நாங்கள்.
கரும்பலகையில் யாரும் அழிக்காத
பின்னக் கணக்கொன்று, விடையில்லாமல்.

ஹப்புத்தளைப் பக்கமிருந்து வரும் மழை
தகரத்தை விடவில்லை.
தர்ஷியும் என்னை விடவில்லை.
"அப்பா, அந்தப் பாலைவன ஓட்டல் கதை."

எத்தனை தடவை சொன்னது. சரி.

ஓமானில், மணல்மேடுகளுக்கு நடுவே
இருபத்திரண்டு கூடாரம்.
சஃபாரி லாட்ஜ் என்று பெயர், சிங்கம் புலி கிடையாது.
சக்கரத்தில் காற்றை இறக்கிவிட்டு
ஜீப்பில் மேடேறி இறங்குவதுதான் சஃபாரி.
ஒட்டகம் இரண்டு. ஒன்று கடிக்கும்.
என் வேலை பெருக்குவது.
விடிந்ததும் கம்பளத்து மணலை
வெளியே கிடக்கும் மணலில் கொண்டுபோய்த் தள்ளுவேன்.
அது திரும்பி வரும்.
நானும் திரும்பி வருவேன்.
இப்படி மூன்று வருஷம்.

ஒருநாள் ஒன்பதாம் கூடாரத்துக்கு வரவேண்டியவர்கள்
விமானத்தைத் தவறவிட்டார்கள்.
மேனேஜர் சவுக்கத், மஞ்சேரிக்காரர்,
சாவியை என் பக்கம் தள்ளினார்:
"காசு கட்டியாச்சு. கட்டில் சும்மா கிடக்கு.
நீ போய்ப் படு."

"நம்ம காம்பராவ விடப் பெருசா?"
மூன்று காம்பரா அதற்குள் போகும்.
"கட்டில்?"
கட்டிலே ஒரு காம்பரா.

அதில் நான் படுக்கவில்லை என்பதை மட்டும்
யோகமலரிடம்கூடச் சொன்னதில்லை.
விரிப்பு கசங்கினால்
காலையில் வந்து விரிக்கப்போவது நான்தானே.
கம்பளத்தில் கிடந்தேன்.
துணியை விலக்கினால் நட்சத்திரம்,
எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.
சத்தமே இல்லை.
காதுக்குள் ஓடிய என் இரத்தத்தை
பீலித் தண்ணீர் என்று நினைத்து
இரண்டு தடவை எழும்பினேன்,
யாரோ குடம் வைக்க மறந்துவிட்டார்கள் என்று.

மேசையில் ஒரு படிவம்:
தங்கியது எப்படி, சொல்லுங்கள்.
உணவுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன், சாப்பிடாமலே.
துப்புரவுக்கு மூன்று.
கட்டிலுக்கடியில் மணல் இருந்தது.
எனக்குத் தெரியாதா.

தர்ஷி சிரிக்கிறாள்.
மேசைகளுக்கடியில் யாரோ இருமுகிறார்கள்,
யாரோ போனில் அறிவித்தல் கேட்கிறார்கள்:
பதுளை, சிவப்பு, மறு அறிவித்தல் வரை.

"காலைல என்ன பாத்தீங்க?"

காலையில் மணல்மேடு கூடாரத்துக்குள்
ஒரு முழம் வந்திருந்தது.
இரவெல்லாம் நடந்திருக்கிறது, கதவைத் தட்டாமல்.
அங்கே அதற்கு யாரும் அழுவதில்லை.
வருஷத்துக்கு ஒருமுறை
கூடாரங்களைக் கழற்றி
நூறடி தள்ளி அடிப்பார்கள்.
மேடு போகிற வழியில் போகும்.

"அப்ப நம்ம லயத்தயும் கழட்டித் தள்ளி அடிக்கலாம்தானே?"

நான் போர்வையைச் சரிசெய்தேன்.
லயம் நூற்றுச் சொச்சம் வருஷம்
அதே கருங்கல்லில் நிற்கிறது.
பின்சுவரில் வெடிப்பு.
யோகமலர் பென்சிலால் கோடிட்டு
தேதி எழுதி வருகிறாள், வைகாசியிலிருந்து.
கட்டட ஆராய்ச்சி ஐயா வந்து
வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றை ஒட்டினார்:
இது உடைந்தால் ஓடுங்கள்.
தள்ளி அடிப்பதற்கு நூறடி
தோட்டத்துக் கணக்கில் எங்கே இருக்கிறது,
அதை அவரிடம் கேட்க
ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டோம்.

தர்ஷி தூங்கிப்போனாள்.
நான் தூங்கினேனா தெரியாது.

விடியும்போது மழை விட்டிருந்தது,
பள்ளத்தாக்கு முழுக்கப் புகார்.
வாசலில் குடித்தனங்கள் விட்ட சேறு.
கை தானாகத் துடைப்பத்தைத் தேடியது.
பாதி பெருக்கியிருப்பேன்,
கோழிக்குத் தீனி போட்டு வருகிறேன் என்று
யாரிடமும் கேட்காமல் லயத்துக்குப் போன யோகமலர்
படியேறி வருகிறாள்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.

"கண்ணாடி உடையல," என்றாள்.

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"ஆனா கதவு சாத்த முடியல."