எட்டாவது வாளி

சர்ஜாபுரம் தாண்டி, முகளூர்ப் பாலத்தடியில்
மாதத்தில் ஒரு செவ்வாய் இறங்குவேன்.
கயிறு கட்டிய வாளி, ஐஸ் பெட்டி,
ஏழு பாட்டில், ஒரு படிவம்.

ஆறு தெரியாது.
கரைக்குக் கரை நுரைதான்.
பெல்லந்தூரில் நான் அலசிய துப்பட்டா
எனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது.

"இன்னிக்குக் கம்மி மேடம்" என்கிறார் முனிவெங்கடப்பா,
ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பற்றிச் சொல்வதுபோல.
மோட்டார் குழாயின் வாயில்
பழைய கொசுவலை கட்டியிருக்கிறார்.
இலைகளை மட்டும் அது நிறுத்துகிறது.
அவர் கொத்தமல்லி
விடியுமுன் டெம்போ ஏறி நகரத்துக்குள் போகும்.
எங்கே வாங்குகிறாய் என்று அவர் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

அவருக்கு இது பினாகினி.
எல்லை தாண்டினால் தென்பெண்ணை.
பெயர் மாறும் இடத்தில் செக்போஸ்ட் உண்டு.
லாரிகள் நிற்கும்.

வாளியை வீசினேன்.
நுரையில் ஒரு வட்டம் விழுந்தது,
தோசைக்கல் அளவு கறுப்புத் தண்ணீர்.

மின்கம்பியில் இருந்திருக்கிறது,
நான்தான் பார்க்கவில்லை:
கறுப்பு வெள்ளை மீன்கொத்தி.
காற்றில் ஒரே இடத்தில் நின்று துடித்து
செங்குத்தாய் அந்த வட்டத்துக்குள் விழுந்தது.
வெறும் அலகோடு ஏறியது.
வட்டம் மூடிக்கொண்டது.

கரைந்த ஆக்சிஜன்: பூஜ்யம் புள்ளி ஆறு.
மேலே வந்து வாய் திறக்கத் தெரிந்த விரால் பிழைக்கலாம்.
மற்றதெல்லாம் எப்போதோ போயாயிற்று.
இரண்டு மழைக்கு முன்
நீர்நாயின் எச்சம், செதிலும் நண்டோடுமாய்,
இந்தப் பாறையில்தான் பார்த்தேன்.
அன்றைக்கும் படிவத்தில் அதற்கு இடமில்லை.

இரண்டாம் வாளி. மறுபடி வந்தது.
மூன்று.
நான்கு.
பறவைக்குப் புரிந்துவிட்டது,
இவள் தண்ணீரைத் திறப்பவள் என்று.

ஏழு பாட்டிலும் நிரம்பிவிட்டன.
எட்டாவது முறையும் வீசினேன்,
எந்த விதிமுறையிலும் இல்லாத வீச்சு.

அலகில் ஏதோ நெளிந்தது, விரல் நீளம்.
பாலத்துச் சுவரில் இரண்டு அடி அடித்து
விழுங்கியது.

முனிவெங்கடப்பா கைதட்டினார்.
நான் தட்டவில்லை.
அந்த மீனுக்குள் என்னென்ன இருக்கும் என்று
சொல்லச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
ஐஸ் பெட்டிக்குள் அதேதான் குலுங்குகிறது,
அறிக்கை வர பத்து நாள்.

படிவத்தின் கடைசிக் கட்டம்: குறிப்பு.
பேனாவை அதன்மேல் வைத்தபடி நின்றேன்,
டிரைவர் ஹார்ன் அடிக்கும்வரை.